மாதர் தொடங்கிய புரட்சி

ருஷியப் புரட்சி பெண்களுக்கு என்ன செய்தது என்று கேட்டால், நம் தேசத்தில் இரண்டு விதமான பதில்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. ஒரு கட்சியார், அங்கே ஸ்திரீகளின் விலங்கு ஒரே நாளில் அறுந்து விழுந்தது என்பார்கள். மற்றொரு கட்சியார், அங்கே குடும்பம் என்பதே அழிந்து போயிற்று என்பார்கள். இரண்டாவது கட்சியாரின் பேச்சுக்கு மூலம் ஒரு போலிப் பத்திரம். 1918-ல் சரடோவ் நகரத்தில் ஸ்திரீகளைப் பொதுச் சொத்தாக்கி ஆணை பிறந்துவிட்டதாக யாரோ ஒரு கடுதாசி தயாரித்துச் சுவரில் ஒட்ட, அது கடல் கடந்து ஐரோப்பிய, அமெரிக்கப் பத்திரிகைகளில் எல்லாம் ஏறிவிட்டது. அப்பொய் நம் பாரதியாரின் காதுக்கும் எட்டியிருந்தது. 1921-ல் அவர் காலமாவதற்கு முன் 'நவீன ருஷ்யாவில் விவாக விதிகள்' என்று ஒரு கட்டுரை எழுதி, அங்கே இயற்றப்பட்ட சட்டம் வேறு, ஊர் வாய் சொல்வது வேறு என்று தமிழர்களுக்கு எடுத்துக் காட்டினார். ஒரு கவி சட்டப் பிரிவுகளைப் படித்து விளக்க உட்கார்ந்தது நம் மொழியில் அபூர்வமான காரியம். ஆனால், அந்தச் சட்டத்துக்குப் பிற்காலத்தில் என்ன கதி நேர்ந்தது என்பதைக் காண அவர் இருக்கவில்லை.

முதல் கட்சியாரின் சொல்லை நாம் பால்யத்திலேயே கேட்டு வளர்ந்தோம். கேட்டோம் என்பதைவிடக் கண்டோம் என்பதே சரி. நம் வீட்டுக்கு 'சோவியத் நாடு' பத்திரிகை வரும். வழவழப்பான அந்தக் காகிதத்தைப் போலப் பாடப் புத்தகத்துக்கு அட்டை போடத் தகுந்த காகிதம் அந்நாளில் வேறு கிடையாது. நம் கணக்கு நோட்டின் மேல் ஒரு பெண் டிராக்டர் ஓட்டுவாள். பூகோள நோட்டின் மேல் வெள்ளை அங்கி தரித்த மற்றொருத்தி நுண்பெருக்கியில் கண் வைத்திருப்பாள். இருவரும் சிரித்த முகத்தோடு இருப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எத்தனை மணிக்கு எழுந்து, என்ன சமைத்து, குழந்தையை எங்கே விட்டு வந்தார்கள் என்று படம் எடுத்தவர் சொல்லவில்லை. எட்டு வயதில் நாமும் கேட்கவில்லை.

இப்போது நாம் சரித்திரம் போதித்துப் பிழைக்கிறோம். ருஷியப் புரட்சிப் பாடம் வருஷந்தோறும் வருகிறது. அதை ஜார், லெனின், ஸ்டாலின் என்று ஆண் பெயர்களாகவே சொல்லிக்கொண்டு போய்விடலாம். பரீட்சைக்கு அது போதும். நாம் அப்படிச் செய்வதில்லை. ஏனென்றால் அந்தப் புரட்சியைத் தொடங்கியவர்கள் பெண்கள்.

1917 மார்ச்சு 8, ருஷியாவின் பழைய பஞ்சாங்கப்படி பிப்ரவரி 23. அது சர்வதேச மாதர் தினம். பெட்ரோகிராட் நகரத்தில் யுத்தம் மூன்றாவது குளிர்காலத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. ஆலையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்த பெண்கள், அதன் பிறகு ரொட்டிக் கடை வாசலில் உறைபனியில் நின்றார்கள். பல நாள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அன்று காலையில் வைபோர்க் பேட்டையின் நெசவாலைப் பெண்கள் தறிகளை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பேட்டையின் போல்ஷெவிக் தலைவர் ஒருவர், காயூரோவ் என்பவர், முன் தினம் இரவுதான் அவர்களைச் சந்தித்து, கட்சியின் உத்தரவில்லாமல் வேலைநிறுத்தம் ஒன்றும் வேண்டாம் என்று புத்தி சொல்லிவிட்டு வந்திருந்தார். மறுநாள் அவர்கள் வெளியே வந்துவிட்ட செய்தி கேட்டுத் தமக்குக் கோபம் மூண்டதை அவரே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். பெண்கள் அவருடைய கோபத்துக்குக் காத்திருக்கவில்லை. இரும்பாலைகளின் ஜன்னல்களில் பனிக்கட்டி உருண்டைகளை எறிந்து, உள்ளே இருந்த ஆண்களையும் வெளியே அழைத்தார்கள். ஒரு வாரத்தில் ஜார் சக்கரவர்த்தி முடி துறந்தார்.

அதன்பின் அமைந்த தாற்காலிக சர்க்கார், எல்லாருக்கும் வோட்டு என்று அறிவித்தது. அந்த 'எல்லாரில்' பெண்களும் உண்டா என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. பழைய பஞ்சாங்கத்து மார்ச்சு 19-ந் தேதி சுமார் 40,000 பெண்கள் பெட்ரோகிராட் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். ஊர்வலத்தை நடத்தியவர் டாக்டர் பொலிக்ஸேனா ஷிஷ்கினா-யாவெய்ன். ஜாரின் சிறையில் இருபது வருஷம் கழித்த கிழவியார் வெரா ஃபிக்னெர் அவருடன் மோட்டாரில் வந்தார். மந்திரிகள் பதில் சொல்லும் வரையில் கூட்டம் கலையவில்லை. அந்தக் கோடைகாலத்தில் சட்டம் வந்தது. இருபது வயது நிரம்பிய பெண்கள் அனைவரும் வோட்டுரிமை பெற்றார்கள். இங்கிலாந்தில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு, அதுவும் நிபந்தனையோடு, 1918-லும், அமெரிக்காவில் 1920-லுந்தான் இது கிடைத்தது. இதை நாம் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லெனின் அதிகாரத்துக்கு வருமுன்பே, தாமே தெருவில் நின்று பெற்ற உரிமை இது.

நவம்பரில் போல்ஷெவிக்குகள் வந்தார்கள். அவர்கள் செய்த சட்டங்களைக் குறைத்துச் சொல்வது நியாயம் அன்று. ஜார் காலத்துச் சட்டப்படி மனைவி கணவனுக்கு அடங்கி நடக்க வேண்டும். அவன் போகும் இடத்துக்கெல்லாம் போக வேண்டும். 1914 வரையில் அவன் சம்மதமின்றித் தனக்கென ஒரு பாஸ்போர்ட்டும் பெற முடியாது. விவாகரத்து மாதா கோவிலின் கையில் இருந்தது, அதாவது, கிடையாது. 1917 டிசம்பரில் இரண்டு ஆணைகளும், 1918 அக்டோபரில் முழுமையான குடும்பச் சட்டமும் பிறந்தன. விவாகம் என்பது சர்க்கார் பதிவு. கணவன் மனைவி இருவரில் யார் கேட்டாலும் விவாகரத்து. மனைவியின் சொத்து மனைவியுடையது. விவாகத்துக்கு உள்ளே பிறந்த குழந்தை, வெளியே பிறந்த குழந்தை என்ற பேதம் அடியோடு நீக்கப்பட்டது. 1920-ல் கருச்சிதைவை ஆஸ்பத்திரியில் சட்டப்படி செய்துகொள்ளலாம் என்று உலகத்தில் முதன்முதலாக அனுமதித்ததும் இந்த ராஜாங்கமே. நூற்றுக்குச் சுமார் 13 பெண்களே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று 1897-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கு சொன்ன தேசம் அது என்பதை நேயர்கள் மறக்கலாகாது.

இந்த இடத்தில் ஒரு வருஷம் நம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எல்லாப் பெண்களும் ஆலைக்குப் போய்விட்டால் கைக்குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்று கேட்டாள். பின் பெஞ்சில் சிலர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வியே அல்ல. இந்தச் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

அதற்குப் பதில் வைத்திருந்தவர் அலெக்ஸாந்த்ரா கொலந்தாய். 1872-ல் ஒரு ராணுவ ஜெனரலின் மகளாகப் பிறந்து, கணவனையும் சுகவாழ்வையும் விட்டுப் புரட்சிக்கு வந்தவர். லெனினுடைய முதல் மந்திரி சபையில் சமூக நல மந்திரி. அவர் சொன்னது இதுதான்: சமையல், துணி வெளுப்பு, குழந்தை வளர்ப்பு மூன்றையும் சமூகமே ஏற்றுக்கொள்ள வேண்டும், பொதுச் சாப்பாட்டுச் சாலை, பொது வண்ணான்துறை, குழந்தை விடுதி இவை வந்துவிட்டால் பெண் தானே எழுந்து நிற்பாள். லெனினும் 1919-ல் ஏறத்தாழ இதையே எழுதினார். சட்டம் எத்தனை செய்தாலும் அடுப்படி வேலை பெண்ணை நசுக்கிக்கொண்டே இருக்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம். அதே வருஷத்தில் கட்சிக்குள் 'ஜெனோத்தெல்' என்ற மாதர் பகுதி ஏற்பட்டது. இனெஸ்ஸா ஆர்மாந்த் அதன் முதல் தலைவி. 1920-ல் அவர் வாந்திபேதியால் மாண்டுபோகவே கொலந்தாய் அப்பதவிக்கு வந்தார்.

ஜெனோத்தெல் செய்த வேலையை நினைத்தால் நமக்கு மனம் நிறைகிறது. ஆலைகளிலும் கிராமங்களிலும் பெண்களே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பிரதிநிதிகள் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு சில மாதம் நீதிஸ்தலத்திலோ, பள்ளிக்கூடத்திலோ, ஆஸ்பத்திரியிலோ அமர்ந்து காரியங்கள் எப்படி நடக்கின்றன என்று கற்றுக்கொண்டு ஊர் திரும்புவார்கள். கட்சியின் ஆண்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் அதை 'பாபோத்தெல்' என்று கேலி செய்தார்கள். நமக்கு 'பாபா' என்றால் மகான்; ருஷியருக்கு 'பாபா' என்றால் நாட்டுப்புறத்துப் பெண்பிள்ளை. கோழி ஒரு பறவை அல்ல, பாபா ஒரு மனிதப் பிறவி அல்ல என்று அவர்களுக்கு ஒரு பழமொழி. புரட்சி செய்தவர்கள் நாவிலிருந்து அந்தப் பழமொழி போகவில்லை.

ஆயினும் மாணவி கேட்ட கேள்விக்குப் பதிலாகக் கஜானாவில் பணம் இல்லை. உள்நாட்டு யுத்தம், 1921-ம் வருஷத்துப் பஞ்சம், வீதிகளில் லக்ஷக்கணக்கான அநாதைக் குழந்தைகள். யுத்த காலத்தில் திறந்த பொதுச் சாப்பாட்டுச் சாலைகளும் குழந்தை விடுதிகளும் புதிய பொருளாதாரக் கொள்கை வந்ததும் செலவு தாங்காமல் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆலைகளில் ஆள் குறைத்தபோது முதலில் வெளியே போனவர்கள் பெண்கள். இப்போது அந்த அருமையான விவாகரத்துச் சட்டம் என்ன செய்யும் என்று பாருங்கள். வேலை இல்லை, கையில் குழந்தை, கணவன் பதிவு ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறொருத்தியுடன் போய்விட்டான். சுதந்திரம் இருவருக்கும் சமம்; குழந்தை மட்டும் ஒருத்தியிடம். 1926 வாக்கில் மாஸ்கோவில் இரண்டு விவாகத்துக்கு ஒரு விவாகரத்து என்ற கணக்கில் நடந்தது. ஜீவனாம்ச வழக்குகள் நீதிஸ்தலங்களை நிரப்பின.

அப்போது ஒரு புதிய சட்டத்தின் நகலைத் தேசமெங்கும் விவாதத்துக்கு விட்டார்கள். பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தாலும் அது விவாகமே, அந்தப் பெண்ணுக்கும் ஜீவனாம்சம் உண்டு என்பது அதன் சாரம். ஒரு வருஷகாலம் கிராமக் கூட்டங்களில் நடந்த அந்த விவாதத்தைப் போல் சுவையானதொன்றை நாம் புரட்சிச் சரித்திரத்தில் வேறெங்கும் படித்ததில்லை. குடியானவர்கள் பசுவைப் பற்றிப் பேசினார்கள். சொத்து குடும்பம் முழுவதற்கும் பொது. மகன் ஒருத்தியைக் கெடுத்துவிட்டு வந்தால், ஜீவனாம்சத்துக்கு வீட்டில் உள்ள ஒரே பசுவை விற்க வேண்டியதா? தம்பி குழந்தைகள் பாலுக்கு எங்கே போவார்கள்? இது மனிதத் தன்மையற்ற கேள்வி அல்ல. ஆனால் கைவிடப்பட்டவளின் குழந்தைக்கும் பால் வேண்டுமே! நகரத்து ஆலைப் பெண்கள் அந்தக் கட்சி.

கொலந்தாய் அச்சமயம் மாஸ்கோவில் இருந்தார். கட்சிக்குள் எதிர்க் கோஷ்டியில் நின்ற குற்றத்துக்காக அவரை 1922-லேயே நார்வேக்கு ராஜதந்திர உத்தியோகத்தில் அனுப்பிவிட்டார்கள், இடையில் வந்திருந்தார். பசு வழக்குக்கு அவர் சொன்ன தீர்ப்பு மிக எளிது. வயது வந்தவர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு இரண்டு ரூபிள் செலுத்தட்டும். அந்த நிதியிலிருந்து தாய்மாருக்கும் குழந்தை விடுதிகளுக்கும் கொடுப்போம். தனி மனிதனைத் துரத்த வேண்டாம். இதைக் கேட்டு எல்லாரும் நகைத்தார்கள். செலவுக்குப் போதாது என்றார்கள் சிலர்; ஒருவன் செய்த தவற்றுக்கு ஊரார் வரி கட்டுவதா என்றார்கள் பலர். 1926-ல் ஜீவனாம்சச் சட்டமே நிறைவேறிற்று. அதோடு, விவாகரத்தைத் தபால் கார்டு மூலம் மற்றவருக்குத் தெரிவித்தால் போதும் என்றும் ஆயிற்று. அந்த இரண்டு ரூபிள் யோசனையை நகைக்காமல் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் பலமுறை நினைத்ததுண்டு.

பெண்களைக் கேளாமல் மேலிருந்து விடுதலை வழங்கினால் என்ன ஆகும் என்பதற்கு மத்திய ஆசியாவில் நடந்தது உதாரணம். உஸ்பெகிஸ்தானத்தில் 1927 மார்ச்சு 8-ந் தேதி 'ஹுஜூம்', அதாவது தாக்குதல், என்ற பெயரால் முகத்திரை ஒழிப்பு தொடங்கியது. சதுக்கங்களில் பெண்கள் ஆயிரக்கணக்கில் பரஞ்சியைக் கழற்றி நெருப்பில் எறிந்தார்கள். வீடு திரும்பியவர்களில் பலரைச் சொந்த உறவினரே கொன்றார்கள். மாண்டவர்கள் இரண்டாயிரத்தை ஒட்டி இருப்பார்கள் என்பது சரித்திராசிரியர்கள் மதிப்பு. நாடக நடிகை நூர்கோன் சொந்த அண்ணன் கத்தியால் 1929-ல் இறந்தாள். அந்தப் பெண்களின் துணிவை நாம் வணங்குகிறோம். தேதியையும் முறையையும் குறித்து உத்தரவிட்டவர்கள் அவர்களைக் காக்கும் ஏற்பாட்டை முன்னதாகச் செய்திருக்க வேண்டாமா?

1930 ஜனவரியில் ஜெனோத்தெல் மூடப்பட்டது. பெண்கள் பிரச்னை தீர்ந்துவிட்டது, ஆகவே தனிப் பகுதி அவசியம் இல்லை என்றார்கள். நம் அபிப்பிராயத்தில் இந்தச் சரித்திரத்தின் திருப்பம் இதுதான். 1936 அதன் பலன். ஆனால் பாடப் புத்தகங்களில் இதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

1936 மே மாதம் மற்றொரு சட்ட நகல் விவாதத்துக்கு வந்தது. கருச்சிதைவுக்குத் தடை, விவாகரத்துக்குக் கட்டணம் முதல் முறை 50 ரூபிள், இரண்டாம் முறை 150, பிறகு 300, ஏழும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு வருஷம் 2,000 ரூபிள் வெகுமதி. ஜனத்தொகை வேண்டும், யுத்தம் வருகிறது என்பது உள்ளூறிய காரணம். பெண்கள் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரே அறையில் மாமனார், மாமியார், கணவன், குழந்தையோடு இருக்கிறேன், இன்னொன்றை எங்கே படுக்க வைப்பேன் என்ற ரீதியில் எழுதினார்கள். படிப்பு முடியவில்லை என்று மாணவிகள் எழுதினார்கள். அவற்றில் சில அச்சிலும் வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஜூன் 27-ந் தேதி தடை சட்டமாயிற்று. இருபது வருஷங்களுக்கு முன் நாற்பதினாயிரம் பேர் ஒன்றாக நடந்த தேசத்தில், இப்போது ஒவ்வொருத்தியும் தனித்தனியே தபாலில் மன்றாடினாள். அந்தக் கடிதங்களைக் கையில் எடுத்துக்கொண்டு கிரெம்ளின் வாசலுக்குப் போக ஒரு சங்கம் இல்லை.

கொலந்தாய் அப்போது ஸ்டாக்ஹோமில் சோவியத் பிரதிநிதி. அவர் வாய் திறக்கவில்லை. பழைய தோழர் ஷ்லியாப்னிகோவை 1937-லும், ஒரு காலத்தில் தம் கணவராயிருந்த திபெங்கோவை 1938-லும் சுட்டுக் கொன்றார்கள்; இவர் பிழைத்தார். பேசியிருக்க வேண்டும் என்று மேஜை முன் அமர்ந்து சொல்வது நமக்கு எளிது. நாம் அப்படிச் சொல்ல மாட்டோம்.

இது ருஷியருக்கு மாத்திரம் நேர்ந்த விபத்தல்ல என்பதற்குச் சீனத்திலிருந்து ஒன்று சொல்லலாம். 1942 மாதர் தினத்தை ஒட்டி, யெனான் மலைக் குகைகளில் புரட்சிப் படையோடு இருந்த எழுத்தாளர் திங் லிங், கட்சிப் பத்திரிகையிலேயே ஒரு கட்டுரை வெளியிட்டார். மணம் செய்துகொண்டாலும் வம்பு, செய்துகொள்ளாவிட்டாலும் வம்பு. குழந்தை பெற்று வீட்டில் இருந்தால் பிற்போக்கு என்று தள்ளிவைத்து விவாகரத்து. புரட்சி முகாமில் பெண் படும் பாடு இது என்றார். கண்டனம் பிறந்தது. தம் கட்டுரையைத் தாமே மறுத்துப் பேசும்படி ஆயிற்று. அதே கட்சிதான் 1950-ல் பால்ய விவாகத்தையும் வைப்பாட்டி முறையையும் ஒழித்துச் சட்டம் செய்தது. இரண்டும் வாஸ்தவம்.

ருஷியாவுக்குத் திரும்புவோம். யுத்தத்தில் எட்டு லக்ஷம் பெண்கள் சோவியத் படையில் சேவை செய்தார்கள். இரவில் குண்டு போட்ட விமானப் படைப் பெண்களைக் கண்டு ஜெர்மானியர் நடுங்கிய கதை பிரசித்தம். யுத்தம் முடியுமுன்பே, 1944 ஜூலையில், சர்க்கார் அவர்களுக்கு அளித்த சட்டம் என்ன தெரியுமா? பதிவில்லாத விவாகம் இனி விவாகம் அல்ல. மணமாகாத தாய் தகப்பன் மீது வழக்குத் தொடர முடியாது. குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயருக்கு உரிய இடத்தில் ஒரு கோடு. பேதமில்லை என்று 1918-ல் அடித்துவிட்ட பேதத்தை, அதே ராஜாங்கம் பேனாவால் ஒரு கோடாக இழுத்துவிட்டது. பத்துப் பிள்ளை பெற்றவளுக்கு 'வீரத் தாய்' என்று பதக்கமும் அந்தச் சட்டத்திலேயே உண்டு.

பிறகு ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்கள். கருச்சிதைவுத் தடை 1955-ல் நீங்கிற்று. கொலந்தாய் அதைப் பார்க்கவில்லை. 1952 மார்ச்சு 9-ந் தேதி, மாதர் தினத்துக்கு மறுநாள், காலமானார். பிறப்புப் பத்திரத்துக் கோடு 1968-ல் போயிற்று. முதன்முதலில் அந்தக் கோட்டோடு பிறந்த குழந்தைக்கு அப்போது இருபத்து நாலு வயது. இதற்கிடையில் வைத்தியர்களில் நான்கில் மூன்று பங்கு பெண்கள் ஆகிவிட்டிருந்தார்கள். நம் பூகோள நோட்டின் வெள்ளை அங்கி பொய்யல்ல. கட்சியின் உச்ச சபையிலோ, நெசவாலையில் வேலை செய்து மேலே வந்த எகத்தெரினா ஃபூர்த்ஸெவா என்ற ஒரே ஒரு பெண்மணி 1957 முதல் 1961 வரையில் முழு அங்கத்தினராக இருந்தார்.

1969-ல் 'நோவி மீர்' பத்திரிகையில் நதால்யா பரான்ஸ்கயா ஒரு கதை எழுதினார். ஆராய்ச்சிசாலையில் வேலை செய்யும் இரண்டு குழந்தைகளின் தாய் ஒருத்தியின் ஒரு வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரையில், அவ்வளவுதான் கதை. வாரத் தொடக்கத்தில் அவளுக்கும் உடன் வேலை செய்யும் பெண்களுக்கும் ஒரு கேள்வித்தாள் வருகிறது. வீட்டு வேலைக்கு எத்தனை மணி, குழந்தைகளுக்கு எத்தனை மணி, ஓய்வுக்கு எத்தனை மணி? பெண்கள் ஏன் அதிகக் குழந்தை பெறுவதில்லை என்று அறிய சர்க்கார் நிபுணர்கள் அனுப்பியது. அவள் பஸ்ஸில் தொற்றிக்கொண்டும், கடை வரிசையில் நின்றும், உருளைக்கிழங்கு தோல் சீவியும் அந்த வாரத்தைக் கழிக்கிறாள். கணவன் நல்லவன்தான், பத்திரிகை படிக்கிறான். கேள்வித்தாளைப் பூர்த்தி செய்ய வேண்டிய நாள் நெருங்குகிறது. மணிகளைக் கூட்டிப் பார்க்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.